206 பிக்கப்: கேபின், கதவு, ஃபெண்டர் இடைவெளியும் பீடிங் ரப்பரும்

#1 தங்கச்சிமடம்_206

எல்லாருக்கும் வணக்கம். வண்டி டாட்டாமொபைல் 206, சிங்கிள் கேபின். மீன் லோடு ஓடின வண்டி, எங்கெங்கே அரிச்சிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. சேசிஸ் வேலை முடிஞ்சு டயர்ல நிக்குது, இன்ஜின், ரேடியேட்டர் உள்ளே இருக்கு. கேபினில் தரை, ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழே உள்ள படிப்பெட்டி, இடது முன் பில்லரோட (கதவு வாசல் தூண்) அடி, முன் கண்ணாடிக்குக் கீழ் விளிம்பு எல்லாம் வெட்டி எடுத்து 20 கேஜ் தகடு வச்சு கோ2 வெல்டிங் போட்டாச்சு. பெயின்ட் இன்னும் அடிக்கலை.

இப்போ இடது கதவு நிலவரம்: கதவுக்கும் பின் பில்லருக்கும் இடைவெளி மேலே 3 மி.மீ., கீழே 8. கதவுக்கும் ஃபெண்டருக்கும் (முன் சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு) மேலே 2, கீழே 7. வலது பக்கமும் இதே சாயல்தான், ஆனால் குறைவு. ரப்பர் இல்லாமல் கதவு நல்லா சாத்துது. மதுரையில் வாங்கின புது பீடிங்கை (வாசல் விளிம்பைச் சுத்தி ஒட்டுற ரப்பர்) மாட்டினால் தோள் கொடுத்துத் தள்ளணும்.

கேள்வி மூணு. ரப்பர் ஓட ஓட அமுங்கிடும்னு விட்டுடலாமா? பெயின்ட் முதல்லயா, ஃபிட்டிங் முதல்லயா? ஃபெண்டர், கீல் போல்ட் எல்லாத்தையும் எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) ஆக்கிடலாமா?

#2 தொண்டி_டிங்கர்

மேலே நெருக்கம், கீழே அகலம்னா கதவு பின்பக்கம் தொங்குதுன்னு அர்த்தம். கீழ் கீலுக்கும் பில்லருக்கும் நடுவே ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைங்க. கீழ் கீலில் ஷிம் சேர்த்தால் கதவோட பின் ஓரம் ஏறும், மேல் கீலில் சேர்த்தால் இறங்கும். கீல் ரெண்டுக்கும் நடுவே 400 மி.மீ., கதவு அகலம் 900 இருந்தால் 1 மி.மீ. ஷிம்முக்குப் பின் ஓரம் ரெண்டேகால் மி.மீ. தூக்கும். அதனால 0.5, 1 மி.மீ. தகட்டில் வாய் வெட்டின ஷிம் நாலஞ்சு கையில் இருக்கட்டும். போல்ட்டை முழுசாக் கழற்ற வேண்டாம், தளர்த்திட்டுச் செருகலாம்.

அதுக்கு முன்னாடி கதவைப் பாதி திறந்து பின் ஓரத்தைக் கையால் தூக்கிப் பாருங்க. 2 மி.மீ.க்கு மேல ஆடினால் கீல் பின்னும் புஷ்ஷும் போச்சு. அதை மாத்தாமல் ஷிம் வச்சுப் பிரயோசனமில்லை.

#3 பட்டறைக்காரன்

தொண்டி அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் ஷிம் வைக்கிறதுக்கு முன்னால ரெண்டு அளவு வேணும், தம்பி.

ஒண்ணு: கதவில் ஓடுற பாடி லைன் (தகட்டில் நீளவாக்கில் உள்ள மடிப்புக் கோடு) கேபினோட பின் பகுதியில் தொடருமே, அந்த இடத்தில் கதவுப் பக்கத்து லைன் எத்தனை மி.மீ. இறங்கியிருக்கு? ரெண்டு: கதவைக் கழற்றிட்டு வாசலை மூலைக்கு மூலை குறுக்கே அளங்க. முன் அடியிலிருந்து பின் மேல், முன் மேலிலிருந்து பின் அடி. ரெண்டு பக்க வாசலுக்கும் எடுங்க. இடதையும் வலதையும் ஒப்பிடத்தான் இந்த அளவு. ஒரே வாசலில் ரெண்டு குறுக்களவும் சமமா வராது, வாசல் சதுரம் இல்லையே.

அஞ்சு மி.மீ. வித்தியாசம் கதவு தொங்கினதால மட்டும் வந்திருந்தால் லைன் ஆறு மி.மீ. பக்கம் இறங்கியிருக்கணும். அப்படி இறங்கலைன்னா கதவு குற்றவாளி இல்லை, வாசல்தான்.

இன்னொண்ணு. கேபினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள மவுன்ட் ரப்பர் எல்லாம் ஒரே செட்டா?

#4 தங்கச்சிமடம்_206

லைன் இறக்கம் 1 மி.மீ.தான். கீலில் ஆட்டம் இல்லை. இடது வாசலில் முன் அடி – பின் மேல் குறுக்களவு வலதை விட 3 மி.மீ. குறைச்சல், மத்த குறுக்களவு 3 கூடுதல். மவுன்ட்டில் பின் ரப்பர் புதுசு, ரேடியேட்டர் தாங்கிக்குக் கீழே உள்ளதும் புதுசு. கேபின் முன் மவுன்ட் மட்டும் பழசு. வெடிப்பு இல்லைன்னு விட்டது.

#5 பட்டறைக்காரன்

அங்கேதான் இருக்கு விசயம். ரெண்டு இடைவெளியும் ஒரே காரணத்தால வருது.

முன் மவுன்ட் பழசு. வெடிக்கலைன்னாலும் முப்பது வருசம் நசுங்கின ரப்பர் புதுசை விட நாலஞ்சு மி.மீ. தாழ்ந்துதான் நிற்கும். பின் மவுன்ட் புதுசு, முழு உயரம். அப்போ கேபினோட முன் பாதி இறங்கி, பின் பாதி ஏறி நிக்குது. படிப்பெட்டி புதுசா வெல்டு போட்ட இடம், அங்கே நெளிவு எடுத்துக்குது. பின் பில்லர் மேல்முனை முன்னால சாயுது. கதவுக்கும் அதுக்கும் மேலே நெருக்கம், கீழே அகலம். உங்க குறுக்களவும் அதையே சொல்லுது: முன் அடி – பின் மேல் குறைஞ்சிருக்கு. வலதும் சாயுது, இடது அடியில் பில்லரையும் வெட்டி ஒட்டினதால இடது கூட சாயுது.

ஃபெண்டர் பக்கம் பாருங்க. ரேடியேட்டர் தாங்கி புது ரப்பரில் உயர்ந்து நிக்குது, கேபின் முன்பக்கம் தாழ்ந்து நிக்குது. ஃபெண்டரோட மூக்கு தூக்கினால் அதோட பின் ஓரம் மேலே கதவை நோக்கி வரும், கீழே விலகும். 2, 7 அப்படித்தான் வந்தது.

இந்த நிலையில் கீழ் கீலில் ஷிம் வச்சால் பின் இடைவெளி சரியாகும், ஆனால் கதவு சுத்திக்கிட்டு மேல் முன் மூலை ஃபெண்டரில் போய் இடிக்கும், பாடி லைன் மேலே ஏறும். அப்புறம் ஃபெண்டரைத் தேய்க்கணும், பானட்டைத் தேய்க்கணும். ஒவ்வொரு தகடாத் தப்பு முன்னால போய்க்கிட்டே இருக்கும்.

செய்ய வேண்டியது:

ஃபெண்டரையும் பானட்டையும் கழற்றி வைங்க. கேபின் மவுன்ட் எல்லாத்தையும் ஒரே கடினத்தில் ஒரே செட்டா மாத்துங்க. மவுன்ட்டுக்குள்ள இரும்புக் குழாய் இருந்தால் அது இல்லாமல் முடுக்காதீங்க. குழாய் இல்லாமல் முடுக்கினால் ரப்பர் பிதுங்கி உயரம் போயிடும். சீட், கதவு, கண்ணாடி எடைக்கு ஈடா கேபினில் உப்பு மூட்டையோ மணல் மூட்டையோ போட்டு, டயரில் நிக்கிற வண்டியைச் சமதளத்தில் ரெண்டு நாள் விடுங்க. ஜாக்கி ஸ்டாண்டில் நிக்கும்போது எடுத்த அளவு செல்லாது, சேசிஸ் வேற மாதிரி வளையும்.

அப்புறம் மறுபடி குறுக்களவு. இடதும் வலதும் 1 மி.மீ.க்குள்ள வந்தால் மேலே போகலாம். வரலைன்னா எந்த மவுன்ட் மூலை தாழ்வோ அதுக்கு 1.5 அல்லது 2 மி.மீ. தகட்டு வளையம். கதவு வரிசை எப்பவும் பின்னாலிருந்து முன்னால: முதல்ல கதவைப் பின் பில்லருக்கும் படிப்பெட்டிக்கும் பொருத்தணும், அப்புறம் ஃபெண்டரைக் கதவுக்கு, பானட்டை ஃபெண்டருக்கு, கடைசியில கிரில்.

#6 தொண்டி_டிங்கர்

குறுக்களவு இப்படின்னா மவுன்ட்தான், சந்தேகமில்லை. கதவு பொருந்தின பிறகு ஒரு வேலை மறக்காதீங்க. ஒவ்வொரு கீல் தகட்டிலும் பில்லரையும் சேர்த்து 3 மி.மீ. துளை ரெண்டு போட்டு வைங்க. பெயின்ட் முடிஞ்சு மாட்டும்போது அதே 3 மி.மீ. டிரில் பிட்டை அந்தத் துளையில் செருகிட்டு போல்ட்டை முடுக்கினால் கதவு பழைய இடத்தில் அப்படியே உட்காரும். ஷிம்மை டேப் போட்டு, எந்தக் கீல், எத்தனைன்னு எழுதிக் கட்டி வைக்கணும். துளைக்குள்ளயும் பிரைமர் தொட்டு வைங்க, வேலை முடிஞ்சதும் மெழுகு வச்சு அடைங்க. இல்லைன்னா அதே ரெண்டு துளைதான் துரு கண்ணு திறக்கும்.

பூட்டு கொக்கி மாட்டுற ஸ்டிரைக்கர் கடைசி. அதைக் கழற்றி வச்சுட்டுத்தான் கதவைப் பொருத்தணும். ஸ்டிரைக்கரை ஏத்தி வச்சு கதவைத் தூக்கிப் பிடிக்கிறது இந்தப் பக்கம் ரொம்பப் பேர் செய்யிற வேலை. சாத்தினா அழகா இருக்கும், ஒரு வருசத்தில் பூட்டும் கீலும் சேர்ந்து தேயும்.

கதவு முறுக்கா இருந்தால், அதாவது மேல் மூலை உள்ளே, கீழ் மூலை ஒரு விரல் வெளியேன்னா, பூட்டு உயரத்தில் 25 மி.மீ. கட்டையைத் துணி சுத்தி இடையில் வச்சு, கீழ் மூலையை முழங்காலால் அமுக்குங்க. கொஞ்சங்கொஞ்சமா. கதவுக்குள்ள கண்ணாடியும் ரெகுலேட்டரும் இருக்கிறப்போ செய்யக்கூடாது.

#7 தங்கச்சிமடம்_206

மவுன்ட் மாத்தியாச்சு. குறுக்களவு வித்தியாசம் 1க்குள்ள. பின் இடைவெளி மேலே 5, கீழே 6. ஃபெண்டர் மாட்டிப் பார்த்தேன்: 4.5, 5. கீழ் கீலில் அரை மி.மீ. ஷிம் மட்டும் போதும்போல. இந்த இடைவெளி போதுமா, இன்னும் நெருக்கணுமா?

#8 உச்சிப்புளி_பெயின்டர்

நெருக்காதீங்க. பெயின்ட்டுக்கு இடம் விடணும். எபாக்சி பிரைமர், சர்ஃபேஸர், கலர், கிளியர் எல்லாம் சேர்த்து ஒரு ஓரத்துக்கு 0.2 மி.மீ. ஆகும், சர்ஃபேஸர் அதிகம் போனால் இன்னும் கூடும். ரெண்டு ஓரம் சேர்ந்தால் அரை மி.மீ. போகும். பெயின்ட் படாத பச்சைத் தகட்டில் 5 மி.மீ. இருந்தால் முடிவில் நாலரை. இந்த மாதிரி வண்டிக்கு நாலிலிருந்து ஆறு வரை சரி. மேலிருந்து கீழ் வரை ஒரே அளவா இருக்கிறதுதான் கண்ணுக்குத் தெரியும். 3 மி.மீ.ன்னு இறுக்கினால் லோடு ஏத்தி ராமேஸ்வரம் ரோட்டில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் தாண்டினதும் ஓரம் உரசி பெயின்ட் உதிரும், அங்கே உப்பு உட்காரும்.

எங்காவது 8, 9ன்னு அகலமா இருந்தால் பட்டி (பள்ளம் நிரப்புற பூச்சு) வச்சு நிரப்பாதீங்க. ஓரத்தில் பட்டி நிற்காது, உடைஞ்சு விழும். 3 மி.மீ. கம்பியை ஓரத்தோட புள்ளி புள்ளியா வெல்டு பிடிச்சு கிரைண்டரில் சீவணும். ஒரே இடத்தில் தொடர்ந்து போடாதீங்க, ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி. தகடு சூடு தாங்காமல் அலை அலையா எழும்.

அப்புறம் தண்ணி. நம்ம பக்கம் போர் தண்ணி பாதிக்கு மேல உவர். அதில் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ச்சு அதிலேயே கழுவிவிட்டு பிரைமர் அடிச்சால், பெயின்ட்டுக்கு அடியில் உப்பு இருக்கும். உப்பு ஈரத்தை இழுத்து ஆறு மாசத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் வரும். பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பிரயோசனமில்லை. காவிரி கூட்டுக் குடிநீர், ஆர்ஓ தண்ணி, பிடிச்சு வச்ச மழைத்தண்ணி, ஏதாவது ஒண்ணு கடைசிக் கழுவலுக்கு வேணும். தண்ணியில் கரைஞ்ச உப்பைக் காட்டுற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். கடற்கரை மணலை வச்சு பிளாஸ்டிங் செய்யிறவங்க கிட்டப் போகாதீங்க, உப்பையே தகட்டுக்குள்ள அடிக்கிற வேலை அது.

பச்சைத் தகட்டை ராத்திரி தாண்ட விடாதீங்க. இந்தக் காத்தில் மறுநாள் காலை மஞ்சள் படிஞ்சிருக்கும். சுத்தம் பண்ணின அன்னிக்கே எபாக்சி பிரைமர், அதுக்கு மேல பட்டி. பட்டி ஈரம் குடிக்கும் சாமான், நேரா தகட்டில் வைக்கவே கூடாது. கனம் 3 மி.மீ. தாண்டினால் தட்டி நேராக்குற வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம்.

#9 கீழக்கரை_காக்கா

ரப்பர் கேள்வி யாரும் எடுக்கலையே, நான் எடுக்கிறேன்.

அமுங்கிடும்னு விடாதீங்க தம்பி. கதவு பீடிங் ஸ்பாஞ்ச் வகை. அது தன் உயரத்தில் 30லிருந்து 40 சதம் அமுங்கி நிக்கணும். அதுக்கு மேல அமுங்கினால் கதவை வெளியே தள்ளும், பூட்டை இழுக்கும், தானும் சீக்கிரம் செத்துப்போகும். குறைஞ்சால் தண்ணியும் மணலும் போகும்.

எத்தனை உயரம் வேணும்னு கடைக்காரரைக் கேட்காதீங்க, வாசலைக் கேளுங்க. பிள்ளைங்க விளையாடுற கலர் களிமண் வாங்கி, கோலி அளவு உருட்டி, வாசல் விளிம்பு சுத்தி ஒரு சாணுக்கு ஒண்ணு ஒட்டுங்க. மேலே பாலிதீன் துண்டு. ஸ்டிரைக்கரோட கதவைச் சாத்தித் திறந்து, நசுங்கின உருண்டையை நடுவில் வெட்டி கனம் அளங்க. எல்லாம் 9 மி.மீ. பக்கம் வந்தால் 13லிருந்து 15 மி.மீ. பீடிங் வேணும். ஓரிடத்தில் 6, இன்னோரிடத்தில் 12ன்னு வந்தால் எந்த ரப்பரும் அதைச் சரிசெய்யாது. திரும்ப தகட்டுக்குப் போகணும். வெல்டு போட்ட படிப்பெட்டி விளிம்பு மேடா இருக்கும், முதல்ல அங்கே பாருங்க.

சரக்கு: ஈபிடிஎம் (ஒரு வகை செயற்கை ரப்பர்) ஸ்பாஞ்ச். வெயிலுக்கும் ஓசோனுக்கும் அதுதான் தாங்கும். சாதா ரப்பர் நம்ம வெயிலில் ரெண்டு வருசத்தில் பாளம் பாளமா வெடிக்கும். ஆனால் ஈபிடிஎம்முக்கு டீசல், கிரீஸ், இன்ஜின் ஆயில் ஆகவே ஆகாது, ஊதிப்போகும். கதவுக்கு உள்ளே துருப்பிடிக்காமல் இருக்க வேஸ்ட் ஆயில் ஊத்துற பழக்கம் இருக்கே, அது வழிஞ்சு வந்து கீழ் பீடிங்கைத்தான் தின்னும். பானட்டுக்கு அடியில், இன்ஜின் ஆவி படுற இடத்துக்கு ஆயில் தாங்குற நியோபிரீன் ரப்பர் போடுங்க.

நகத்தால் அமுக்கிப் பாருங்க. விட்டதும் திரும்ப வரணும். குழாய் மாதிரி உள்ளே வெறுமையா இருக்கிற பீடிங்கில் ஒரு சாணுக்கு ஒரு சின்னக் காத்துத் துளை இருக்கணும். இல்லைன்னா கதவு சாத்தும்போது காத்து அடைபட்டுத் திரும்பத் தள்ளும். துளை இல்லைன்னா 2 மி.மீ. கம்பியைச் சூடாக்கி உள்பக்கமா போட்டுக்கலாம். உங்க பீடிங் கனம் சரியா இருந்தும் சாத்தலைன்னா இதுதான் காரணம்.

#10 தங்கச்சிமடம்_206

களிமண் போட்டேன் காக்கா. பெரும்பாலும் 9, படிப்பெட்டியில் ரெண்டு இடம் 7. வாங்கின பீடிங் 18 மி.மீ., துளை கிடையாது, கல்லு மாதிரி இருக்கு.

#11 கீழக்கரை_காக்கா

18 திரும்பக் கொடுத்துடுங்க. 14 வாங்குங்க. 7 வர்ற ரெண்டு இடத்திலும் வெல்டு மேட்டை இறக்குங்க, ரப்பரைச் சீவ வேண்டாம்.

ஒட்டும்போது: பெயின்ட் நல்லா காய்ஞ்ச பிறகு, விளிம்பைத் தின்னர் துணியால் துடைச்சு, ரெண்டு பக்கமும் ரப்பர் சொல்யூஷன் மெல்லிசா. பத்து பதினஞ்சு நிமிசம், விரல் வச்சால் விரலில் ஒட்டாத பதம். காலையில் ஆறு மணிக்கோ அந்தி சாய்ஞ்சோ ஒட்டாதீங்க. கரைப்பான் பறக்கும்போது பரப்பு குளிரும், கடல் காத்து ஈரம் அதில் படிஞ்சு சொல்யூஷன் வெள்ளை பூத்துப் போகும். அது பிடிக்காது. பத்து மணியிலிருந்து மூணு மணி வரை, நிழலில்.

இழுத்து ஒட்டாதீங்க. இழுத்த ரப்பர் மூலையில் சுருங்கித் தூக்கும். சுத்தளவை விட 10, 15 மி.மீ. கூட வெட்டி, நெருக்கி உட்கார வையுங்க. இணைப்பு வாசலுக்கு அடியில் வரணும். மேலே வந்தால் மழை முதல்ல அங்கேதான் தேடும். முனையை நேர் வெட்டா வெட்டி சூப்பர் குளூ.

#12 வாலிநோக்கம்_லோடு

எஸ்எஸ் போல்ட்டுக்கு என் ஓட்டு. மீன்பிடிப் படகுக்குப் போடுற 316 கிரேடு எஸ்எஸ் இங்கே எல்லா ஹார்டுவேரிலும் கிடைக்குது. உப்பளத்துக்குள்ள ஓடுற வண்டியில் ஜிஐ போல்ட் ஒரு சீசன்கூட முழுசா வெள்ளையா இருக்காது.

#13 பட்டறைக்காரன்

போல்ட் வெள்ளையாத்தான் இருக்கும், அதைச் சுத்தின தகடு இருக்காது.

எஸ்எஸ்ஸும் சாதா இரும்பும் உப்புத்தண்ணியில் சேர்ந்தால் இரும்புதான் கரையும். தகடு பெரிசு, போல்ட் சின்னதுங்கிறதால பெயின்ட் இல்லாத தகட்டில் சேதம் பரவிப்போய் மெதுவா நடக்கும். ஆனால் பெயின்ட் அடிச்ச தகட்டில் போல்ட் தலைக்கு அடியில் மட்டும் பெயின்ட் கிழியும். அப்போ திறந்து கிடக்கிற இரும்பு ஒரு வளையம் அளவுதான், மொத்த அரிப்பும் அங்கேயே. ஃபெண்டர் ஓரத்தில் போல்ட் பளபளன்னு இருக்க, சுத்தி ஓட்டை விழுந்திருக்கிறது இதனாலதான்.

எஸ்எஸ் போடுறதா இருந்தால் தலைக்கும் நட்டுக்கும் அடியில் நைலான் வாஷர், துளை ஓரத்துக்கு எபாக்சி பிரைமர், முடுக்கின பிறகு மெழுகு. மரையில் மசகு இல்லாமல் எஸ்எஸ்ஸை ஏர் கன்னில் ஏத்தினால் நட்டும் போல்ட்டும் ஒண்ணா ஒட்டிக்கும், வெட்டித்தான் எடுக்கணும். கீலுக்கும் ஸ்டிரைக்கருக்கும் எஸ்எஸ் வேண்டவே வேண்டாம், அங்கே 8.8 கிரேடு (பலம் கூடின இரும்பு போல்ட்). சாதாரண எஸ்எஸ் அந்த பலம் வராது. ஃபெண்டருக்கு 8.8 ஜிங்க் பூசின எம்8, 25 மி.மீ. அகல வாஷர், 20 நியூட்டன் மீட்டர் முடுக்கு போதும். அதுக்கு மேல தகடு குழியும், இடைவெளி இழுக்கும்.

ஃபெண்டருக்கும் கேபினுக்கும் நடுவே பைப்பிங் பீடிங் வைக்காமல் விடாதீங்க. உரசலும் கிரீச்சும் அதாலதான் நிக்கும். ஆனால் அது உப்புத்தண்ணியைப் பிடிச்சு வைக்கிற இடமும்கூட. துணி உள்ள பைப்பிங் வேண்டாம், முழு வினைல் அல்லது ரப்பர் வாங்கி, ரெண்டு முகத்திலும் மெழுகு தடவி மாட்டுங்க. எல்லா போல்ட்டும் தளர்வா இருக்கும்போது பைப்பிங்கைச் செருகி, கதவு ஓரத்திலிருந்து முன்னால முடுக்கிக்கிட்டே போகணும்.

#14 வாலிநோக்கம்_லோடு

நைலான் வாஷர் சரி, ஒத்துக்கிறேன். லோடு பாடி பக்கம் ஒண்ணு சேர்த்துக்கிறேன். சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே மரப்பட்டி வைக்காதீங்க. ஐஸ் தண்ணி குடிச்சு ஊறி, எந்நேரமும் ஈர உப்பை சேசிஸ் மேலே அழுத்திக்கிட்டே இருக்கும். 10 மி.மீ. பழைய கன்வேயர் பெல்ட் துண்டு வைங்க. கேபின் பின் சுவருக்கும் லோடு பாடிக்கும் 25 மி.மீ.யாவது விடுங்க, ரெண்டும் தனித்தனியா ஆடுற சாமான், லோடு ஏறினால் கிட்ட வரும்.

டெயில் டோருக்கு ரப்பர் போட்டு அடைக்கணும்னு சிலர் நினைக்கிறாங்க. மீன் வண்டிக்கு அது கேடு. தரையில் பின்னால சரிவு இருக்கணும், டெயில் டோருக்கு அடியில் 6லிருந்து 8 மி.மீ. திறந்தே இருக்கணும். ஐஸ் தண்ணி போகட்டும். தினமும் இறக்கி முடிச்சதும் நல்ல தண்ணி அடிச்சு விடுற வண்டிக்கும் அடிக்காத வண்டிக்கும் தரை ஆயுசு பாதிக்குப் பாதி வித்தியாசம்.

#15 தங்கச்சிமடம்_206

முன் கண்ணாடி பத்திச் சொல்லுங்க. கீழ் விளிம்பு புதுசா வெல்டு போட்டது. பழைய பீடிங்கைச் சுத்தி சிலிகான் பூசியிருந்தாங்க, எடுக்கும்போது விளிம்பே கையோட வந்தது.

#16 உச்சிப்புளி_பெயின்டர்

அந்த சிலிகான், புளி நாத்தம் அடிக்கிற வகையா இருக்கும். காயும்போது அசிட்டிக் ஆசிட் விடும், பச்சை இரும்பைத் தின்னும். கண்ணாடிக்கும் பாத்ரூமுக்கும் உள்ளது அது, வண்டி விளிம்புக்கு இல்லை. இன்னொண்ணு, சிலிகான் பட்ட தகட்டில் பெயின்ட் நிற்காது, மீன்கண்ணு மாதிரி வட்டம் வட்டமா விலகும். மிச்சம் மீதி இல்லாமல் சுரண்டி, சிலிகான் ரிமூவரால் துடைச்சு, ஒரு துணியை ஒரு தடவைக்கு மேல பயன்படுத்தாமல் துடைச்சு முடிங்க.

#17 பட்டறைக்காரன்

விளிம்பின் கனத்தை காலிப்பரில் அளங்க. கம்பெனி விளிம்பு ரெண்டு தகடு சேர்ந்து 2 மி.மீ.க்குள்ள இருக்கும். 20 கேஜ் ரெண்டு சேர்ந்தால் 1.8, நல்லது. நிறைய பேர் பலமா இருக்கட்டும்னு 16 கேஜ் வைப்பாங்க, ரெண்டு சேர்ந்தால் 3.2. பீடிங்கோட காடி அதில் ஏறாது, ஏறினாலும் அந்த இடத்தில் கண்ணாடியை வெளியே நெம்பும். லேமினேட்டட் கண்ணாடி அந்த ஒரு புள்ளியிலிருந்து கீறல் விடும், பெரும்பாலும் வெயில் ஏறின மத்தியானத்தில். பழி கண்ணாடிக் கடைக்காரர் மேல போகும்.

ரப்பர் இல்லாமல் கண்ணாடியை வாசலில் பிடிச்சுப் பாருங்க, நாலு மூலையிலும் சின்ன ரப்பர் துண்டு வச்சு. சுத்தி வர ஒரே இடைவெளி இருக்கணும், கண்ணாடி எங்கேயும் ஆடக் கூடாது. ஆடினால் விளிம்பு ஒரே தளத்தில் இல்லை. அதைத் தட்டி நேராக்கின பிறகுதான் பெயின்ட்.

மாட்டுறது: பீடிங்கை வெயிலில் அரை மணி நேரம் போடுங்க. கண்ணாடிக்குப் பீடிங்கை மாட்டி, விளிம்பு ஏறுற காடிக்குள்ள 4 அல்லது 5 மி.மீ. நைலான் கயிறு, ரெண்டு முனையும் கீழ் நடுவில் ஒரு சாண் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மாதிரி. காடியிலும் விளிம்பிலும் சோப்புத் தண்ணி மட்டும். எண்ணெய், கிரீஸ் கிடையாது. வெளியே ஒருத்தர் உள்ளங்கையால் அமுக்கிப் பிடிக்க, உள்ளே ஒருத்தர் கயிற்றைக் கண்ணாடி நடுவை நோக்கி நேர்கோணத்தில் இழுக்கணும். மேல் பக்கமா இழுத்தால் உதடு கிழியும். கீழ் முழுசும் உட்கார்ந்த பிறகு பக்கம், கடைசியில மேல். எங்கேயாவது உதடு உள்ளே மடிஞ்சால் மேலே தொடராதீங்க, மழுங்கின பிளாஸ்டிக் குச்சியால் எடுத்துவிட்டுத் தொடருங்க. லாக் பீடிங் (பீடிங்கை இறுக்கிப் பூட்டுற தனிப் பட்டை) உள்ள வகைன்னா அதைக் கடைசியில, வளையம் உள்ள லாக் டூலால், சோப்புத் தண்ணியோட. மூலையில் நெருக்கித் தள்ளுங்க, இழுக்காதீங்க.

தண்ணி காய்ஞ்ச பிறகு, ரெண்டு நாள் கழிச்சு, வெளி உதட்டைத் தூக்கி காயாத வகை கறுப்பு பியூட்டைல் சீலன்ட் மெல்லிசா. கீழ் ரெண்டு மூலையில் மட்டும் கொஞ்சம் தாராளமா. ஐப்பசி மழைக்கு முன்னால இந்த வேலை முடிஞ்சிடணும்.

#18 தொண்டி_டிங்கர்

எல்லாரும் தண்ணி உள்ளே வராமல் இருக்கிறதையே பேசுறோம். கதவுக்குள்ள தண்ணி வரத்தான் செய்யும். கண்ணாடி இறங்குற வாயில் இருக்கிற ரப்பர் துடைக்கத்தான் ஆகும், தடுக்காது. கதவு அடியில் மூணு நாலு வாய்க்கால் துளை இருக்கும், 6, 8 மி.மீ. நீளம். பட்டியும் அடி கோட்டிங்கும் முதல்ல அடைக்கிறது அதைத்தான். பெயின்ட் முடிஞ்சதும் கம்பி விட்டுப் பாருங்க. ஒரு செம்புத் தண்ணியைக் கண்ணாடி வாயில் ஊத்தினால் அரை நிமிசத்தில் அடியில் வடியணும். கீழ் பீடிங் அந்தத் துளைகளை மூடாத உயரத்தில் ஒட்டணும்.

உள் பேனலுக்குப் பின்னால பாலிதீன் தாள் கட்டாயம், 150, 200 மைக்ரான். பியூட்டைல் டேப்பில் சுத்தி ஒட்டி, அடி ஓரத்தை மட்டும் கதவுக்குள்ள மடிச்சு விடுங்க. வெளியே விட்டால் தாளில் வழியிற தண்ணி கேபின் தரைக்கு வரும், தரை ஓட்டைன்னு தேடிக்கிட்டே இருப்பீங்க. கதவு மடிப்புக்குள்ள, படிப்பெட்டிக்குள்ள கேவிட்டி வேக்ஸ் (உள் இடுக்குக்கு அடிக்கிற துரு தடுப்பு மெழுகு) அடிங்க. பெயின்ட் வெந்து முடிஞ்ச பிறகுதான். முன்னால அடிச்சால் மடிப்பிலிருந்து கசிஞ்சு பெயின்ட்டைக் கெடுக்கும்.

#19 தங்கச்சிமடம்_206

கடைசிக் கேள்வி. எல்லாம் மாட்டின பிறகு சோதிக்கிற முறை? அப்புறம் டாட்டா 207 பிக்கப்போட கதவு ஒண்ணு நல்ல நிலையில் கிடைக்குது, வலது பக்கத்துக்கு வாங்கலாமா?

#20 கீழக்கரை_காக்கா

பத்து ரூபாய் நோட்டை பீடிங்குக்கு நடுவே வச்சுக் கதவைச் சாத்தி இழுங்க. ஒரு சாணுக்கு ஒரு தடவை, வாசல் முழுக்க. எல்லா இடத்திலும் ஒரே பிடிமானத்தோட வரணும். சும்மா வந்தால் அங்கே காலி, கிழிஞ்சால் அங்கே அதிகம். ராத்திரி கேபினுக்குள்ள டார்ச் வச்சு வெளியேயும் பாருங்க.

தண்ணி சோதனைக்கு வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன் வேண்டாம், அது நல்ல பீடிங்கையும் தாண்டும். சாதா ஹோஸ், அடியிலிருந்து ஆரம்பிங்க. படிப்பெட்டி உயரத்தில் மூணு நிமிசம், கதவு நடுவில் மூணு நிமிசம், கண்ணாடிக் கீழ் மூலை, அப்புறம் மேல். மேலிருந்து ஆரம்பிச்சால் எல்லா இடமும் நனைஞ்சு எது ஒழுகுதுன்னு தெரியாது. உள்ளே ஒருத்தர் உலர்ந்த செய்தித்தாள் விரிச்சு உட்காரணும். கண்ணாடியில் ஒழுகுற மாதிரி தெரியிறது பல நேரம் முன் பானட்டுக்குப் பின்னால உள்ள காத்து வாயிலிருந்தோ, வயர் போற ரப்பர் குரோமெட்டிலிருந்தோதான் வரும்.

காத்து இரைச்சலுக்கு பாம்பன் சாலைப் பாலத்தை விட நல்ல இடம் கிடையாது. கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற நாளில் ஒரு பக்கக் கதவும், வாடையில் மறு பக்கமும் தெரிஞ்சிடும். பாலம் திறந்தது 1988, டாட்டாமொபைல் வந்ததும் அதே வருசம், ரெண்டும் ஒரே வயசு. விசில் சத்தம் வர்ற இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி மறுபடி ஓட்டுங்க. சத்தம் நின்னால் அங்கேதான் பீடிங் தொடலை.

207 கதவுக்கு பட்டறை அண்ணன் சொல்லட்டும்.

#21 பட்டறைக்காரன்

பேரைப் பார்த்து வாங்காதீங்க. பழைய கதவைக் கழற்றிக் கையோட எடுத்துட்டுப் போங்க, ரெண்டையும் தரையில் பக்கத்துப் பக்கமா கிடத்துங்க. கீல் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம், பூட்டு உயரம், பாடி லைன் கீழ் ஓரத்திலிருந்து எத்தனை மி.மீ., பீடிங் படுற விளிம்போட ஆழம் எல்லாத்தையும் அளங்க. முதல் மூணும் ஒத்து, நாலாவது 3 மி.மீ. மாறினாலும் களிமண் சோதனை திரும்ப முதல்லேருந்து. அடி மடிப்பில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்க. மேலே பெயின்ட் பளபளன்னு இருந்து அடி மடிப்பு பொத்துன்னு போனால் அந்தக் கதவும் மீன் வண்டிக் கதவுதான், உங்க பழசையே வெட்டி ஒட்டிக்கலாம்.